டிசைன் ஸ்டுடியோவில் ஒரு பிராஜெக்ட்: முதல் நாளிலிருந்து ஜூரி முடியும்வரை கட்டடக்கலை மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடம் வரைக்கும் படிப்பு என்றால் ஒரு பாடம், அதில் ஒரு கேள்வி, அதற்கு ஒரு சரியான விடை. கட்டடக்கலை மாணவர்கள் கட்டடங்களை வடிவமைத்துப் பழகும் டிசைன் ஸ்டுடியோவில் இந்த மூன்றுமே இல்லை. ஒரு நிலத்தைக் காட்டி, "இங்கே ஒரு சின்ன நூலகம் வரவேண்டும், செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது பேர் நாற்பது விதமாகச் செய்வார்கள். அதில் பத்து நன்றாக வரும், அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். முதலாண்டில் மாணவர்களுக்கு வரும் பயம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பள்ளியில் நன்றாக மார்க் வாங்கியவர்கள் இன்னும் கூடுதலாகத் தடுமாறுவார்கள். விடை தெரிந்த பிறகே பேனாவைத் தொட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

ஸ்டுடியோவில் மாணவனாகப் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு ஜூரியில், அதாவது முடித்த டிசைனைக் கேள்வி கேட்டு மதிப்பிடும் குழுவில், எதிர்ப்பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. தலைக்குள் இருக்கும்வரை எந்த டிசைனும் அழகாகத்தான் இருக்கும். தாளுக்கு வந்த பிறகுதான் தன் குறையை அதுவே சொல்லும். ஆகவே சீக்கிரம் வரைய வேண்டும், அரைகுறையாக இருக்கும்போதே அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் செய்வதற்கான வழிகள்தான். எட்டுப் பத்து வாரம் ஓடும் ஒரு பிராஜெக்ட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு அதே சின்ன நூலகத்தை எடுத்துக்கொள்வோம்.

1. மேஜையைத் தயார் செய்யுங்கள்

வாங்கவேண்டிய பட்டியல் நீளமாகத் தருவார்கள். தினமும் கை போவது சிலவற்றுக்குத்தான்: டிரேசிங் தாள் ஒரு சுருள், 2எச், எச்பி, 2பி பென்சில்கள், முக்கோண ஸ்கேல், இரும்பு ரூலர், கட்டர், அதற்கு நிறைய பிளேடு, 5 மீட்டர் டேப், பையில் அடங்கும் ஒரு ஸ்கெட்ச் புத்தகம். டிரேசிங் தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவானதாக இருந்தாலும் நிறைய இருக்க வேண்டும். தாள் தீர்ந்துவிடுமோ என்று யோசிக்கும் கை தைரியமாக வரையாது.

டெக்னிக்கல் பேனாக்கள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்ற வரிசையில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 1.4 மடங்கு தடிமன். ஏ3 தாளை ஏ2-வுக்குப் பெரிதாக்கினாலும் நீளம் அதே 1.4 மடங்குதான் கூடும். எனவே 0.25 கோடு சரியாக 0.35 கோடாக மாறும். இது தெரிந்துவிட்டால் எந்தக் கோட்டுக்கு எந்தப் பேனா என்ற குழப்பம் பாதி போய்விடும்: படத்தில் வெட்டிக் காட்டும் சுவருக்குத் தடிமன், கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு நடுத்தரம், தரை ஓட்டுக்கும் மரச்சாமானுக்கும் மெல்லியது.

இன்னொன்று, முடிந்தவரை ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து வேலை செய்யுங்கள். அறையில் தனியாக வரைந்தால் அமைதி கிடைக்கும், ஆனால் பக்கத்து மேஜையில் ஒருவர் மாடியை எப்படிச் சமாளித்தார் என்று பார்க்கக் கிடைக்காது. ஸ்டுடியோவில் ஆசிரியரிடம் கற்பதற்குச் சமமாக மேஜைக்கு மேஜை கற்கிறோம். நண்பருக்கு ஆசிரியர் சொல்வதைப் பின்னால் நின்று கேட்பதும் படிப்புதான். சொல்லப்போனால் அங்கே மனம் இன்னும் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் அடிபடுவது நம் டிசைன் இல்லை.

2. கொடுத்த குறிப்பை உடம்பின் அளவுக்குக் கொண்டுவாருங்கள்

பிராஜெக்ட் குறிப்பில் "வாசிப்பு அறை 120 சதுர மீட்டர், அலுவலகம் 20 சதுர மீட்டர்" என்று எண்கள் இருக்கும். எண்ணாகவே வைத்திருந்தால் அது ஒன்றும் பேசாது. அன்றைக்கே ஒவ்வோர் அறையையும் 1:200 அளவில் (நிஜத்தில் 200 மி.மீ. என்றால் தாளில் 1 மி.மீ.) வெட்டி எடுத்து, மேஜையில் பரப்பி, நகர்த்திப் பாருங்கள். சுவருக்கும் நடைபாதைக்கும் மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு தனியாகப் போகும், அதை மறக்கவேண்டாம்.

கூடவே ஒரு வாரம் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலையுங்கள். நாற்காலியின் உட்காரும் உயரம் சுமார் 450 மி.மீ., எழுதும் மேஜை 750, சமையல் மேடை 850 முதல் 900, வசதியான ஒற்றைக் கதவு 900. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். சாய்தளம் 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது, அதாவது 450 மி.மீ. ஏற 5.4 மீட்டர் ஓட வேண்டும். இந்த அளவுகளைப் புத்தகத்தில் படித்தால் ஒட்டாது. நீங்களே அளந்து ஸ்கெட்ச் புத்தகத்தில் குறித்தவை ஒட்டிக்கொள்ளும். நூலகத்தில் இரண்டு அலமாரிகளுக்கு இடையில் ஒருவர் குனிந்து கீழ்த்தட்டில் புத்தகம் எடுக்கும்போது இன்னொருவர் அவரைத் தாண்டிப் போக எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நண்பரைக் குனியச் சொல்லி அளந்து பாருங்கள். பிளானில், அதாவது மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில், அந்த வழியை வரையும்போது கை தானாகவே சரியான அகலத்தைப் போடும்.

3. நிலத்துக்கு இரண்டு தடவை போங்கள்

ஒரு தடவை காலையில், ஒரு தடவை மாலையில். முதல் தடவை எல்லோரும் சேர்ந்து போய்ப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். இரண்டாவது தடவை தனியாகப் போய் ஒரு மணி நேரம் ஓர் இடத்தில் உட்காருங்கள். மக்கள் எந்தப் பக்கமாகக் குறுக்கே நடக்கிறார்கள், எந்த மரத்தடியில் நிற்கிறார்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடிய தடம் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். 20 மீட்டர் தூரத்தை நடந்து உங்கள் காலடி எத்தனை என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால், டேப் எட்டாத இடத்தையும் ஓரளவு அளந்துவிடலாம்.

வெயில் விஷயத்தில் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். வெப்பமண்டலத்துக்கு வடக்கே மதிய வெயில் தெற்கிலிருந்து விழும், வெப்பமண்டலத்துக்குத் தெற்கே வடக்கிலிருந்து விழும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடங்களில் வருடத்தில் ஒரு பகுதி ஒரு பக்கம், இன்னொரு பகுதி மறுபக்கம். மேற்கு வெயில் எங்கேயும் தாழ்வாகத்தான் வரும். ஜன்னலுக்கு மேலே நீட்டிய தகடு அதைத் தடுக்காது, பக்கவாட்டில் செங்குத்துப் பட்டைகளோ மரமோ தேவைப்படும்.

ஜூரியில் நான் அதிகம் பார்க்கும் குறை இது: நிலத்தை ஆராய்ந்து வரையும் சைட் அனாலிசிஸ் தாளில் வெயிலுக்கு ஒரு மஞ்சள் அம்பு, காற்றுக்கு ஒரு நீல அம்பு, சத்தத்துக்கு ஒரு சிவப்பு அம்பு. அடுத்த தாளில் வரும் கட்டடத்துக்கும் அந்த அம்புகளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் "அதனால்?" என்று எழுதிப் பதிலையும் எழுதுங்கள். பதில் வராத அம்பை அழித்துவிடலாம்.

4. கேஸ் ஸ்டடியைக் கையால் திரும்ப வரையுங்கள்

ஏற்கெனவே கட்டிய கட்டடத்தை ஆராய்ந்து கற்பதுதான் கேஸ் ஸ்டடி, இணையத்திலிருந்து படம் எடுத்து ஒட்டினால் அது கேஸ் ஸ்டடி ஆகாது. இரண்டே கட்டடத்தை எடுத்து, உங்கள் பிராஜெக்ட்டின் ஸ்கேலிலேயே பிளானையும், கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படமான செக்ஷனையும் திரும்ப வரையுங்கள். நூலகம் என்றால் பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1935-ல் திறக்கப்பட்ட வீபுரி (இன்று ரஷ்யாவின் வைபோர்க்) நூலகத்தைச் சொல்வேன். அதன் கூரையில் 57 வட்டமான வெளிச்சத் துளைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஆழமான கூம்பு. அதன் செக்ஷனை வரையும்போதுதான் புரியும்: கூம்பின் ஆழம் காரணமாக நேர் வெயில் கீழே இறங்க முடியாமல் பக்கத்தில் பட்டுச் சிதறுகிறது, வாசிப்பவரின் புத்தகத்தில் அவர் தலையின் நிழல் விழுவதில்லை. புகைப்படத்தில் அது வெறும் அழகான கூரை.

கட்டடக்கலைஞர் லூயி கான் அமெரிக்காவின் எக்ஸெட்டரில் 1970-களின் தொடக்கத்தில் முடித்த நூலகத்தை அடுத்து வரையுங்கள். வெளியே செங்கல் வளையம், அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிக்கும் இடங்கள். அதற்கு உள்ளே கான்கிரீட் வளையம், அங்கே புத்தக அலமாரிகள். நடுவில் மேலிருந்து கீழ்வரை திறந்த கூடம். அங்கே வாசகர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கிறார். ஆல்டோ வெளிச்சத்தை மேலிருந்து புத்தகத்திடம் கொண்டுவந்தார், கான் புத்தகத்தை வெளிச்சத்திடம் அனுப்பினார். இப்படி ஒரு வரியில் சொல்லும் அளவுக்கு ஒரு கட்டடம் பிடிபட்டால் உங்கள் டிசைனுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: என் நூலகத்தில் யார் யாரிடம் போகிறார்கள்?

5. ஒரே மாலையில் மூன்று யோசனை

ஒரு யோசனையோடு முதல் வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதன்மேல் பாசம் வந்துவிடும், பிறகு அதை விடமுடியாது. மூன்றை வரையுங்கள். மூன்றும் 1:500 அல்லது 1:200 அளவில் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளான், ஒரு செக்ஷன், உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை மாடல். ஒன்றுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மூன்றும் ஒன்றையே வேறு வேறு சட்டையில் காட்டக்கூடாது. ஒன்று முற்றத்தைச் சுற்றி வரட்டும், ஒன்று நீளமாகச் சாலையோரம் நிற்கட்டும், ஒன்று மண்ணின் சரிவில் படிப்படியாக இறங்கட்டும்.

பாரிஸின் எகோல் தெ போஸார் கலைப்பள்ளியில் இதற்குக் கடுமையான ஒரு முறை இருந்தது. மாணவர் தனியறையில் 12 மணி நேரம் உட்கார்ந்து டிசைனின் அடிப்படை யோசனையை வரைந்து கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அதை விரிக்கலாம், ஆனால் முதலில் கொடுத்த யோசனையை விட்டு விலகக்கூடாது. அவ்வளவு இறுக்கம் இன்று தேவையில்லை. ஆனாலும் ஒரு நல்ல டிசைனின் முதுகெலும்பு சில மணி நேரத்தில் தாளுக்கு வரக்கூடியது என்று அவர்கள் நம்பியது சரிதான்.

டிரேசிங் தாளைக் கசக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் எண்ணும் போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். ஐந்தாவது வாரத்தில் வழி தவறியது போல இருக்கும்போது திரும்பிப் பார்த்தால், எந்தத் தாளில் எதைக் கைவிட்டோம் என்பது தெரியும்.

6. டெஸ்க் கிரிட்: அரைகுறையைக் காட்டும் பழக்கம்

வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஆசிரியர் மேஜைக்கு வந்து பக்கத்தில் உட்காருவார். ஸ்டுடியோவின் உயிர் இந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷோன் 1980-களில் இதை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். சரிவான நிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பொருத்த முடியாமல் திணறும் மாணவியிடம் ஆசிரியர் வருகிறார். நீண்ட விளக்கம் ஏதும் சொல்லாமல் அவள் வரைந்ததன்மேல் டிரேசிங் தாளை வைத்து, பேசிக்கொண்டே வரைகிறார். ஒரு கோடு போட்டதும் அந்தக் கோடு என்ன செய்தது என்று பார்க்கிறார், பிறகு அடுத்த கோடு. ஷோன் கவனித்தது இதுதான்: வரைபவர் கேட்க, நிலமும் வடிவமும் பதில் சொல்கின்றன. தாளில் ஒன்றும் இல்லையென்றால் இந்த உரையாடல் தொடங்கவே முடியாது.

"இன்னும் ரெடியாகவில்லை சார், அடுத்த தடவை காட்டுகிறேன்" என்று மாணவர்கள் ஒளிந்துகொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும். குறை சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் அது, நானும் அப்படி ஒளிந்திருக்கிறேன். அரைகுறைத் தாளுக்குக் கிடைக்கும் உதவி முடித்த தாளுக்குக் கிடைக்காது. முடித்த தாளைப் பார்த்து ஆசிரியருக்கும் மாற்றச் சொல்ல மனம் வராது.

ஆசிரியர் மேஜைக்கு வரும்முன் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "வாசலில் இருந்து வாசிப்பு அறை தெரியணுமா, மறைஞ்சிருக்கணுமா என்று முடிவு பண்ண முடியவில்லை. இரண்டையும் வரைந்திருக்கிறேன், பாருங்கள் மேடம்" என்று கேட்டால் பதினைந்து நிமிடமும் உங்களுக்கானது. அவர் எழுந்து போனதும் அடுத்த மேஜைக்கு ஓடாமல் அவர் சொன்னதை ஐந்து வரியில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் நினைவில் இருப்பது அவர் முகம் சுளித்தது மட்டும்தான்.

இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொல்வது எப்போதும் நடக்கும். ஒருவர் ஜன்னலைப் பெரிதாக்கச் சொல்வார், இன்னொருவர் நடுவில் ஒரு முற்றம் திறக்கச் சொல்வார். தீர்வுகளைப் பார்த்தால் முரண். அடியில் இருக்கும் குறையைப் பார்த்தால் இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள்: நடுவில் வெளிச்சம் போதவில்லை. குறையை எடுத்துக்கொள்ளுங்கள், தீர்வை நீங்களே தேடுங்கள். அடுத்த கிரிட்டில் அவர்கள் சொன்னதில் ஒன்றையும் உங்களுடையதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

7. பிளானோடு செக்ஷன்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாணவர் பிராஜெக்ட்டுகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாமாண்டில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று செய்தேன். பிளானில் ஐந்து வாரம் வேலை செய்தேன், செக்ஷனைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். ஜூரியில் வயதான ஆர்க்கிடெக்ட் ஒருவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். பையில் இருந்து ஸ்கேலை எடுத்து, என் மாடிப்படியின் மேல் வைத்து, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கேட்டார்: "தம்பி, மேல்தளம் போக இன்னும் 90 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கே, அதை எப்படி ஏறுவாங்க?"

அவர் போட்ட கணக்கு இது. என் தளத்தின் உயரம் 3.6 மீட்டர். மாடிப்படிக்கு நான் விட்ட நீளம் 3.6 மீட்டர், அதில் நடுமேடைக்கு 1.2 போக மீதி 2.4. கால் வைக்கும் ஒரு மிதிபலகை 300 மி.மீ. என்றால் 8 மிதி, அதாவது 9 ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறும் உயரம்). நடுமேடையில் திரும்பி ஏறும் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 18 ஏற்றம். ஒன்று 150 மி.மீ. என்றால் 2.7 மீட்டர்தான் ஏற முடியும். 3.6 மீட்டருக்கு 24 ஏற்றம் வேண்டும், வரிசைக்கு 12. மிதி 11, அதன் நீளம் 3.3 மீட்டர், மேடையோடு சேர்த்து 4.5. என் மாடிப்படி அறை 90 செ.மீ. நீள வேண்டும். நீட்டினால் பக்கத்துக் கழிவறை போகும், கழிவறை நகர்ந்தால் மேல்தளத்துக் கழிவறையும் தூண் வரிசையும் நகர வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு செக்ஷன் வரைந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு மொத்தக் கட்டடமும் கலைந்தது.

ஆகவே முறை இது. இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.க்குள் வர வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் மனிதரின் நடை நீளத்தை வைத்துச் சொன்ன விதியின் தொடர்ச்சி இது. 150, 150, 300 சேர்ந்தால் 600. தளத்தின் உயரம் முடிவான அன்றே மாடிப்படிக் கணக்கைப் போட்டு அதற்கான பெட்டியைப் பிளானில் நிலைநிறுத்துங்கள். நடுமேடைக்கு அடியில் கதவோ நடைபாதையோ வைக்கும் ஆசை இருந்தால் உயரத்தையும் பாருங்கள். மேலே சொன்ன படியில் மேடை 1.8 மீட்டரில் நிற்கிறது, அதன் கான்கிரீட் தடிமனைக் கழித்தால் தலை இடிக்கும்.

செக்ஷனில் தளத்தைத் தாங்கும் பீமையும் (உத்தரம்) வரையுங்கள். தொடக்கக் கணக்குக்கு, தூணுக்குத் தூண் உள்ள தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கான்கிரீட் பீமின் ஆழத்தை வைத்துக்கொள்ளலாம். 6 மீட்டர் என்றால் 500 மி.மீ. அப்போது 3.6 மீட்டர் தளத்தில் பீமுக்கு அடியில் கிடைப்பது 3.1 மீட்டர்தான். மேல்தளத் தூண் கீழ்த்தளத் தூணின் மேல் உட்காருகிறதா, கழிவறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறதா என்பதை டிரேசிங் தாளை மேலே வைத்துச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு வாரமும் பாருங்கள். செக்ஷனை வெட்டும்போது சுலபமான இடத்தில் வெட்டாமல், உயரம் மாறும் இடத்தில், வெளிச்சம் இறங்கும் இடத்தில், மண் சரியும் இடத்தில் வெட்டுங்கள். உள்ளே ஒரு மனித உருவத்தைப் போட்டால் அறை உயரம் உண்மையில் எப்படி இருக்கும் என்று சட்டென்று தெரியும்.

8. மாடல்

வேலைக்கான மாடல் வேறு, காட்சிக்கான மாடல் வேறு. முதலாவது பழைய அட்டைப்பெட்டியில், ஒரு மணி நேரத்தில், பிய்த்துப் பிய்த்து ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கூரை கழன்று வரட்டும். 1:100 மாடலில் ஒரு மனிதர் சுமார் 17 மி.மீ. உயரம், அட்டையில் வெட்டி நிறுத்துங்கள். இருட்டிய பிறகு டார்ச் விளக்கை மேற்கு வெயிலின் கோணத்தில் பிடித்து, ஜன்னல் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். வாசிப்பு மேஜையில் வெயில் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

கட்டரில் ஒரே அழுத்தில் வெட்ட முயலவேண்டாம். இரும்பு ரூலரைப் பிடித்து, லேசாக மூன்று நான்கு தடவை இழுங்கள். பிடிக்கும் கை பிளேடு போகும் பாதையில் இருக்கக்கூடாது. மழுங்கிய பிளேடுதான் அதிகம் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அதை உடைத்துப் புதுமுனைக்கு மாறுங்கள். தெர்மகோலில் சால்வென்ட் பசை போட்டால் அது கரைந்து குழியாகிவிடும், அதற்கு வெள்ளைப் பசைதான். ஸ்பிரே பசையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் அடியுங்கள்.

கணினியில் மாடல் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், ஸ்கேல் என்ற உணர்வே போய்விடும். கதவுக் கைப்பிடியை அரை நாள் வடிவமைத்துவிட்டு, வாசல் எங்கே என்று முடிவு செய்யாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேலில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் டிரேசிங் தாள் போட்டுக் கையால் திருத்துங்கள்.

9. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள், தூங்குங்கள்

சப்மிஷன் தேதியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி நாள் பிரிண்ட்டுக்கு. அதற்கு முந்தைய மூன்று நாள் தாள்களுக்கு. அதற்கு முந்தைய மூன்று நாள் மாடலுக்கு. அதாவது ஒரு வாரத்துக்கு முன்பே டிசைன் நின்றுவிட வேண்டும். அதன்பிறகு வரும் நல்ல யோசனையை ஸ்கெட்ச் புத்தகத்தில் எழுதி வைத்து, ஜூரியில் "இன்னும் நேரம் இருந்தால் இதைச் செய்வேன்" என்று சொல்லலாம். கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும்.

பாரிஸ் பள்ளியில் சப்மிஷன் நேரத்தில் தாள்களைச் சேகரிக்கத் தள்ளுவண்டி வரும், மாணவர்கள் அந்த வண்டியோடு ஓடிக்கொண்டே வரைந்து முடிப்பார்கள் என்று சொல்வார்கள். அந்த வண்டியின் பிரெஞ்சுப் பெயரான சாரெட் என்ற சொல்லைத்தான் கடைசிநேர ஓட்டத்துக்கு இன்றும் உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். இரவு முழுக்க விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்திருக்கிறது. இது பெருமை இல்லை. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்கு நிகராகவோ அதைவிட மோசமாகவோ இறங்கிவிடும் என்று ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள். அந்த நிலையில் கையில் கட்டர். பிறகு அதே கண்ணோடு வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவது. அமெரிக்காவின் கட்டடக்கலை மாணவர் அமைப்பு இந்த ஸ்டுடியோ கலாச்சாரத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று 2002-ல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு அங்கே அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கட்டடக்கலைப் பள்ளியும் இதற்கென எழுத்துப்பூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டியதாயிற்று.

நள்ளிரவு தாண்டினால் கட்டரைத் தொடவேண்டாம் என்று ஸ்டுடியோவில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் தூக்கத்தில் தள்ளாடினால் எழுப்பி வேலை வாங்காமல் படுக்கச் சொல்லுங்கள். ஒரு தாள் குறைந்தால் குறையட்டும்.

10. தாள்கள்

ஏ1 தாள் 594-க்கு 841 மி.மீ. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முக்கியமான ஒரு படம் கண்ணில் பட வேண்டும், கை தூரத்தில் வந்தால் விவரம் படிக்க வேண்டும். பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் வெட்டிய படம், வெட்டுப்பட்டவைதான் மிகத் தடிமனாக இருக்க வேண்டும். வடக்குக் குறி, ஸ்கேல், செக்ஷன் வெட்டிய இடத்தின் குறி மூன்றும் விட்டுப்போகக் கூடாது. எல்லாத் தாளிலும் வடக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். முழு அளவில் எடுக்கும்முன் ஏ3-ல் ஒரு பிரதி எடுத்துக் கோடுகளின் தடிமனைப் பாருங்கள். திரையில் அழகாக இருக்கும் சாம்பல் நிறக் கோடு காகிதத்தில் காணாமல் போவது வழக்கம்.

11. ஜூரி

ஐந்து நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் முதலில் சைட்டுக்குப் போனேன், பிறகு கேஸ் ஸ்டடி பண்ணினேன்" என்று வரலாறு சொன்னால் கட்டடத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். முதல் வாக்கியத்திலேயே யோசனையைச் சொல்லுங்கள்: "இந்த நூலகத்தில் புத்தகங்கள் நடுவில் இருக்கும், வாசிப்பவர்கள் சுற்றிலும் மரங்களைப் பார்த்து உட்காருவார்கள்." பிறகு வாசலில் நுழைந்து, ஒரு மனிதர் நடந்துபோவதைப் போல அறை அறையாகக் கூட்டிச் செல்லுங்கள். பேசும்போது தாளைத் தொட்டுக் காட்டுங்கள். முந்தைய இரவு ஒரு நண்பர் முன்னால் சத்தமாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் குரல் நடுங்காது.

ஜூரி பேசும்போது உங்களால் எழுத முடியாது. நண்பர் ஒருவரைப் பின்னால் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள், அவர் முறை வரும்போது நீங்கள் எழுதுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் "எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் சார், கொஞ்சம் காட்ட முடியுமா?" என்று கேட்கலாம், அதில் தவறே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஜூரிக்கு மரியாதை கூடும். அவசரமாகக் கட்டிய விளக்கத்தை அனுபவசாலிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில நேரம் வார்த்தைகள் கடுமையாக வரும். "இந்த வாசல் இருட்டாக இருக்கிறது" என்பது டிசைனைப் பற்றிய பேச்சு, எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளுங்கள். "உனக்கு இந்தப் படிப்பு சரிவராது" என்பது டிசைனைப் பற்றியது இல்லை. அதைக் குறிப்பில் எழுதவே வேண்டாம். அந்த வார்த்தை இரண்டு மூன்று நாள் கழித்தும் தூக்கத்தைக் கெடுத்தால் தனியாக வைத்துக்கொண்டு உழலாமல், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ கல்லூரி மனநல ஆலோசகரிடமோ பேசிவிடுங்கள். ஜூரியில் நின்று அழுதவர்கள் பலர் பிறகு நல்ல கட்டடங்கள் கட்டியிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

12. ஜூரிக்கு அடுத்த வாரம்

முதலில் நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவர் பின்னணியில், மாடலைக் கண் மட்டத்திலிருந்து படம் எடுங்கள். ஸ்டுடியோ அலமாரியில் வைத்த மாடல் அடுத்த செமஸ்டருக்குள் நசுங்கிவிடும். தேதி போட்டு வைத்த டிரேசிங் தாள்களை வரிசையாக ஸ்கேன் செய்யுங்கள். போர்ட்ஃபோலியோவில் முடிந்த படத்துக்குப் பக்கத்தில் இந்த வரிசையும் இருந்தால், நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை வேலை கொடுப்பவர் பார்ப்பார்.

பிறகு நண்பர் எழுதிய குறிப்பை எடுத்து, ஜூரியில் அதிகம் பேர் சுட்டிக்காட்டிய ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் போட்டாயிற்று, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் திருத்தித் திரும்ப வரையுங்கள். என் மாடிப்படியை அப்படித்தான் அந்த வாரக் கடைசியில் 24 ஏற்றத்தோடு 4.5 மீட்டரில் வரைந்து முடித்தேன், கழிவறை மாடிப்படிக்கு எதிர்ப்பக்கம் போனது, வாசலுக்கு எதிர்பாராமல் ஒரு ஜன்னல் கிடைத்தது.